இண்டியானா ஜோன்ஸ், லாரா கிராஃப்ட், நேதன் டிரேக்: யாரிடமிருந்து தொடங்குவது?

சாகசக் கதைகள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்த மூவரில் யார் பெரிய ஆள் என்பதுதான். சவுக்கும் தொப்பியுமாக வந்த இண்டிக்குப் பின்னால்தான் மற்றவர்கள் என்று ஒரு கூட்டம். லாரா தொட்ட உயரத்தைக் கேம் உலகில் வேறு யாரும் தொடவில்லை என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரிடமும் இருந்த நல்லதை எடுத்து மெருகேற்றியவர் டிரேக்தான் என்று மூன்றாவது கூட்டம். நடுவில் புதிதாக வந்தவர் எதைப் பார்ப்பது, எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்.

இந்த வாக்குவாதம் முடியாமல் இழுப்பதற்குக் காரணம், மூன்று பேரையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது. இண்டி பார்ப்பதற்காகப் பிறந்தவர். லாரா நம் விரல்களுக்காகப் பிறந்தவர். டிரேக் கேமில் பிறந்தாலும், சினிமாவாக ஆசைப்பட்ட கேம் அது. யார் எங்கே பிறந்தார் என்பதை மறந்துவிட்டு ஒப்பிட்டால், ஒருவரின் படத்தை இன்னொருவரின் கேமோடு மோதவிட்டு வீணாகக் கத்திக்கொண்டிருப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் நான்கு கேள்விகள். அடிபட்டால், தோற்றால் அந்த ஆள் எப்படி இருக்கிறார்? படத்திலிருந்து கேமுக்கோ, கேமிலிருந்து படத்துக்கோ தாவும்போது அவரிடம் எது மிஞ்சுகிறது? எடுத்த பொருளை என்ன செய்கிறார்? அப்புறம், அவரோடு பழக நமக்கு ஆகும் செலவு எவ்வளவு: பணம், நேரம், கணினி எல்லாம் சேர்த்து?

மூன்றாவது கேள்வியை நாம் கொஞ்சம் அழுத்தியே கேட்க வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் சிலை களவு போய், 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, 2014-இல்தான் இந்தியா திரும்பியது. பழம்பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சியில் கைதட்டும்போது, அது யார் ஊரிலிருந்து போகிறது என்று நமக்குத் தோன்றாமல் இருக்காது. தோன்றவும் வேண்டும்.

## இண்டியானா ஜோன்ஸ்

ஜார்ஜ் லூகாஸின் யோசனை, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் இயக்கம், ஹாரிசன் ஃபோர்டின் முகம். 1981-இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' 1936-இல் நடக்கும் கதை. தொடக்கத்திலேயே, தொல்லியல் பேராசிரியரான இண்டி தோற்றுப்போகிறார். பெருவில் உயிரைக் கொடுத்து எடுத்த தங்கச் சிலையை, வெளியே காத்திருந்த போட்டியாளர் பெல்லாக் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார். வகுப்பறையில் பாடம் நடத்தும்போது தடுமாறுகிறார். பாம்பைக் கண்டால் நடுங்குகிறார். லாரிச் சண்டையில் வண்டிக்கு அடியில் இழுபட்டுப் போய், கடைசியில் கப்பலில் படுக்கும்போது உடம்பில் வலிக்காத இடம் முழங்கை என்று காட்டுகிறார். அடி வாங்குவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. வலியை அவர் மறைப்பதும் இல்லை.

இண்டி மீது ரசிகர்கள் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. படத்தில் இண்டியும் நாஜிகளும் தேடுவது, பத்துக் கட்டளைக் கற்கள் இருந்ததாகப் பைபிள் சொல்லும் பேழையை. அவர் இல்லாவிட்டாலும் நாஜிகள் அந்தப் பேழையைக் கண்டுபிடித்திருப்பார்கள், திறந்திருப்பார்கள், உள்ளே பார்த்துச் செத்திருப்பார்கள். அப்படியானால் நாயகன் எதற்கு என்பது. கேட்கக் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பள்ளத்தாக்கின் மேலிருந்து ராக்கெட் துப்பாக்கியைப் பேழைக்குக் குறிவைத்து நிற்கிறார் இண்டி. சுட்டால் எல்லாம் முடிந்துவிடும். பெல்லாக் கீழிருந்து, "சுடு பார்க்கலாம்" என்கிற மாதிரி பேசுகிறார். இண்டியால் முடியவில்லை. வரலாற்றை அழிக்க அவருக்குக் கை வரவில்லை. அதே மனிதர் சில நிமிடங்கள் கழித்து, கம்பத்தில் கட்டப்பட்ட நிலையில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். வாழ்நாள் முழுவதும் பார்க்கத் துடித்த ஒன்றைப் பார்க்காமல் விடுகிறார். கதையின் முடிவை அவர் மாற்றினாரா என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. எனக்கு இந்த ஒரு காட்சியே போதும், மூவரில் முழுமையான பாத்திரம் இவர் என்று சொல்ல.

மறைந்திருக்கும் செலவு 1984-இல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்'. கதை இந்தியாவில் நடக்கிறது. ஆனால் இந்திய அரசிடம் படிக்கக் கொடுத்த கதையில் இந்தியாவைக் காட்டியிருந்த விதத்தால் இங்கே படப்பிடிப்புக்கு வழியில்லாமல் போய், கண்டிப் பக்கம் எடுத்தார்கள். அந்தத் தொங்குபாலம் மகாவலி கங்கை ஓடும் பள்ளத்தாக்கில், விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அருகே போட்டது. நமக்குத் 'தளபதி'யின் கலிவரதனாகப் பழக்கமான அம்ரீஷ் பூரிதான் நெஞ்சைப் பிய்க்கும் பூசாரி. விருந்தில் குரங்கு மூளை பரிமாறும் காட்சி இன்றும் உறுத்தும். இந்தியாவில் படத்துக்குக் கொஞ்ச காலம் தடையும் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: நம்மை இவ்வளவு கேவலமாகக் காட்டிய அந்தப் படத்தில்தான் இண்டி எடுத்த கல்லை அது எந்த ஊருடையதோ அந்த ஊருக்கே திருப்பிக் கொடுக்கிறார். "இது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது" என்று 1989 படத்தில் அவர் கொதிக்கும்போது, யாருடைய அருங்காட்சியகம் என்று அவர் கேட்டுக்கொள்வதே இல்லை. இங்கே கேட்காமலே சரியாகச் செய்துவிடுகிறார்.

கேமுக்குத் தாவியதில்? 1992-இன் 'ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ்' சொடுக்கிச் சொடுக்கிப் புதிர் அவிழ்க்கும் வகை. கூட்டாளியோடு போவதா, மூளையை நம்புவதா, முஷ்டியை நம்புவதா என்று நாமே வழியைத் தேர்ந்தெடுக்கலாம். பொறுமை உள்ளவர்களுக்கு இன்றும் இனிக்கும். ஆனால் உண்மையான தாவல் 2024 டிசம்பரில் மெஷின்கேம்ஸ் செய்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்'. பெருவின் அதே குகையில்தான் தொடங்குகிறது. மணல் பையை நிறை பார்த்துச் சிலையை மாற்றி வைக்கும் கை இப்போது நம் கை. துப்பாக்கி இருக்கிறது, எடுக்கத் தோன்றாது. துடைப்பம், வாணலி, கித்தார் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒரே போடு. அடுத்த அடியில் அது உடைந்துபோகும். சவுக்கால் எதிரியின் ஆயுதத்தைப் பறிக்கலாம், பள்ளத்தைத் தாண்டலாம். குகைச் சுவரைக் கேமராவில் படம் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்கலாம். இண்டியின் தடுமாற்றமும் பேராசிரியர் மூளையும் அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன. படத்திலிருந்து கேமுக்குப் போன தாவல்களில் இவ்வளவு சுத்தமானது குறைவு.

விலை மட்டும் கை சுடும். கணினியில் விளையாட, ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதியுள்ள கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம். ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர்தான் கீழ்மட்ட எல்லை. 16 ஜிபி ரேம், ஏறத்தாழ 120 ஜிபி இடமும் வேண்டும். பிளேஸ்டேஷன் 5-க்கு 2025 ஏப்ரலில் வந்தது.

## லாரா கிராஃப்ட்

இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில், கோர் டிசைன் நிறுவனத்தில் டோபி கார்ட் உருவாக்கிய, பழம்பொருள் தேடி அலையும் பாத்திரம். முதலில் யோசித்தது இண்டி சாயலில் ஓர் ஆண். அப்படியே விட்டிருந்தால் நகல் என்று ஓரங்கட்டியிருப்பார்கள். பெண்ணாக மாற்றியதும் 1996-இல் ஒரு புது உலகம் திறந்தது.

லாராவைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய 'டூம் ரைடர்' கேமைக் கொஞ்சமாவது ஆட வேண்டும். அந்த உலகம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். எவ்வளவு தூரம் தாவ முடியும் என்பதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. பெரிய பள்ளம் வந்தால், நடை பட்டனை அழுத்தியபடி விளிம்பு வரை போக வேண்டும். அங்கிருந்து பின்னால் ஒரே ஒரு குதி. பிறகு ஓட்டம், தாவல், எதிர் விளிம்பைப் பிடிக்கக் கை நீட்டல். ஒரு கணம் பிசகினால் எலும்பு முறியும் சத்தம். இசை பெரும்பாலும் கிடையாது; காலடிச் சத்தமும் தூரத்தில் தண்ணீர் சொட்டும் ஓசையும்தான். பேச ஆள் கிடையாது. அந்தத் தனிமையில், யாரும் சொல்லித் தராமல், ஒரு நெம்புகோல் எந்தக் கதவைத் திறந்தது என்று நாமாகக் கண்டுபிடிக்கும் சுகம் மற்ற இருவரிடமும் கிடைக்காது. இரண்டாம் பாகத்தில் லாராவின் மாளிகையில் இருக்கும் வயதான பட்லர் தட்டைக் கிடுகிடுக்க வைத்தபடி பின்னாலேயே வருவார். அவரை உணவுக் குளிரறைக்குள் வைத்துப் பூட்டாத லாரா ரசிகரே இல்லை எனலாம்.

படத்துக்குப் போனதும் இந்தச் சுகம் முழுவதும் கழன்றுவிடுகிறது. 2001-இல் ஏஞ்சலினா ஜோலி நடித்த படத்தில் தோற்றமும் திமிரும் அச்சு அசல். கம்போடியாவின் அங்கோர் கோயில்களில் எடுத்த காட்சிகள் அழகு. ஆனால் எது வந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால் பதைபதைப்பு இல்லை. 2018-இல் அலிசியா விகாண்டர் நடித்தது 2013-இன் புதிய கேமைத் தழுவியது. அருவியின் விளிம்பில் துருப்பிடித்துத் தொங்கும் விமானக் காட்சி கேமில் ஆடும்போது வியர்க்க வைத்தது. திரையில் பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். விழுந்தால் விழுவது நாம் என்ற பயம் போனபின் லாராவில் பாதி போய்விடுகிறது.

பொருளை என்ன செய்கிறார் என்ற கேள்வியில் பழைய லாராவுக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். கொண்டுவந்ததையெல்லாம் மாளிகையில் வைத்து அழகு பார்க்கிறார். 2018 கேமான 'ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர்' மட்டும் இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. மெக்சிகோவில் அவர் அவசரப்பட்டு உருவிய ஒரு கத்தியால் பேரழிவு தொடங்குகிறது, ஒரு ஊரே வெள்ளத்தில் போகிறது. அந்தப் பழியைக் கேம் அவர் தலையில்தான் வைக்கிறது.

செலவு என்று பார்த்தால் மூவரில் லாராதான் ஏழைக்குத் தோழி. 2013 கேம் சாதாரணமான பழைய மடிக்கணினியிலும் ஓடும். தள்ளுபடி நாள்களில் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அதில் லாரா சாகும் காட்சிகள் மிகக் கொடூரமானவை. ஆற்றில் அடித்துச் செல்லப்படும்போது கம்பி கழுத்தில் பாய்வதையெல்லாம் கேமரா விலகாமல் காட்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள கூடத்தில் போட வேண்டாம். முதல் மூன்று கேம்களும் 2024-இல் புதுப்பொலிவோடு ஒரே தொகுப்பாக வந்தன. பட்டன்கள் பழகும் வரை சுவரில் முட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

## நேதன் டிரேக்

நாட்டி டாக் நிறுவனம் 2007-இல் பிளேஸ்டேஷன் 3-க்குச் செய்தது, புதையல் தேடும் டிரேக் நாயகனாக வரும் முதல் 'அன்சார்ட்டட்'. கதையை வழிநடத்தியவர் ஏமி ஹென்னிக், குரல் நோலன் நார்த். 2009-இன் இரண்டாம் பாகம், பனிமலைச் சரிவில் தொங்கும் ரயில் பெட்டியில் காயத்தோடு கண் விழிக்கும் டிரேக்கோடு தொடங்கும். கைப்பிடி ஒவ்வொன்றாகக் கழன்று விழ விழ மேலே ஏற வேண்டும். உண்மையில் அங்கே விழுவது கடினம். விழுந்துவிடுவோம் என்று நம்ப வைப்பதில்தான் அந்தக் கேமின் திறமை. லாராவிடம் தாவலைக் கணக்கிடுவது நாம். டிரேக்கிடம் கேமே கைப்பிடித்துக் கூட்டிப் போகிறது. இதைக் குறை என்பவர்களும் உண்டு. நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் அலுக்காத கேம் இந்த மூவரில் இது ஒன்றுதான்.

டிரேக்கின் பலம் சண்டை இல்லாத இடங்களில் தெரியும். 2016-இன் நான்காம் பாகத்தில், ஓய்வுபெற்ற டிரேக் மனைவி எலெனாவோடு சோபாவில் உட்கார்ந்து பழைய பிளேஸ்டேஷனில் 'கிராஷ் பண்டிகூட்' ஆடுகிறார். தோற்றால் பாத்திரம் கழுவ வேண்டும். அந்தக் குட்டிக் கேமை நாமே ஆடலாம். அது இதே நிறுவனம் 1996-இல் செய்த கேம். ஒரு கேமுக்குள் இன்னொரு கேமைக் கொண்டுவந்து, இரண்டு பேரின் தாம்பத்தியத்தையும் அதிலேயே காட்டிவிடுகிறார்கள்.

நெருடலும் இருக்கிறது. கதையில் கலகலப்பான நல்ல மனிதர். ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான பேரைச் சுட்டுத் தள்ளுகிறார். இந்த முரண் செய்தவர்களுக்கே தெரியும்: நான்காம் பாகத்தில் 1000 பேரைக் கொன்றால், இந்த முரணின் பெயரிலேயே கேமுக்குள் ஒரு கோப்பை தருகிறார்கள்.

எடுத்த பொருள்? தான் திருடன் என்று டிரேக் ஒப்புக்கொள்கிறார். பெரும்பாலும் நகரமே இடிந்து எல்லாம் மண்ணோடு போகிறது. நம் பக்கத்து மண்ணைப் பார்க்க ஆசை என்றால், டிரேக் இல்லாமல் குளோயி ஃப்ரேசர் நாயகியாக வரும் 2017-இன் 'தி லாஸ்ட் லெகசி'யை ஆடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜீப் ஓட்டியபடி ஹொய்சாளர் காலத்துப் பிள்ளையார் தந்தத்தைத் தேடுவார்.

2022-இல் டாம் ஹாலண்ட் நடித்து வந்த படம் 116 நிமிடம். சரக்கு விமானத்திலிருந்து பெட்டிகளோடு தொங்கும் காட்சியை மூன்றாம் பாகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். கடற்கரையில் நோலன் நார்த் ஒரு நிமிடம் தலைகாட்டுவார். அவரை அடையாளம் தெரிந்தவர்களுக்கு அதுதான் படத்தின் பெரிய மகிழ்ச்சி. முதலில் டிரேக்காக நடிக்கப் பேசப்பட்ட மார்க் வால்பெர்க், படம் கிளம்பவே ஆண்டுகள் ஓடியதில் மூத்த கூட்டாளி சல்லியாக ஆகிவிட்டார். ஹாலண்ட் துடிப்பான நடிகர்தான். ஆனால் டிரேக்கிடம் நமக்குப் பிடித்தது, பலமுறை ஏமாந்த மனிதரின் களைப்பு கலந்த சிரிப்பு. இளைஞனிடம் அதை எதிர்பார்க்க முடியாது. சினிமாவாக ஆசைப்பட்ட கேம் சினிமாவானபோது, ஏற்கெனவே பார்த்த படம் மாதிரி ஆகிவிட்டது.

கணினிக்காரர்கள் கவனிக்க வேண்டியது: 2022-இல் கணினிக்கு வந்த தொகுப்பில் நான்காம் பாகமும் 'லாஸ்ட் லெகசி'யும்தான் உண்டு. முதல் மூன்றுக்குப் பிளேஸ்டேஷன் வேண்டும். ஓய்வுபெற்ற மனிதரைச் சந்தித்துவிட்டு, அவர் இளமையைப் பார்க்க வழியில்லாமல் நிற்பீர்கள்.

## ஒரே மேடையில் மூவரும்

"மூவரும் மோதினால்?" என்ற கேள்விக்கு, பலர் இணையத்தில் சுட்டு மோதும் ஃபோர்ட்நைட் கேம் ஒரு வகையில் பதில் கொடுத்துவிட்டது. லாரா 2021-இல் வந்தார். டிரேக் 2022 பிப்ரவரியில், கேம் தோற்றத்திலும் ஹாலண்ட் தோற்றத்திலுமாக. அதே ஆண்டு இண்டி. ஆனால் அங்கே வந்தது உடைகள் மட்டும். தொப்பி போட்ட இண்டி இயந்திரத் துப்பாக்கியோடு வாழைப்பழ மனிதனைத் துரத்துவார். பார்க்கக் கொண்டாட்டம்தான், யார் சிறந்தவர் என்பதற்கு இது சாட்சி ஆகாது. செலவும் யோசிக்க வேண்டியது. லாராவும் இண்டியும் அந்தந்த சீசனுக்குப் பணம் கட்டி வாங்கும் பேட்டில் பாஸில் வந்தவர்கள். விளையாடி விளையாடித் திறக்க வேண்டியிருந்தது, சீசன் முடியும் தேதி கழுத்தைப் பிடித்தது. டிரேக்கைக் கேமின் கடையில், அந்தக் கேமின் பணமான வி-பக்ஸ் கொடுத்து வாங்கினார்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள்.

பாத்திரத்தைப் புரிந்துகொண்டு செய்த கலப்பு என்றால், 2024-இல் 'டெட் பை டேலைட்' லாராவைச் சேர்த்தது. அது கொலைகாரனிடமிருந்து ஒளிந்து ஓடித் தப்பிக்கும் கேம். துப்பாக்கி இல்லாத, மூச்சு வாங்கும் லாரா அங்கே இயல்பாகப் பொருந்துகிறார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த கலப்பு விளம்பரமே இல்லாமல் நடந்தது. 'கிரேட் சர்க்கிள்' கேமில் இண்டிக்குக் குரல் கொடுத்த டிராய் பேக்கர், அன்சார்ட்டட் நான்காம் பாகத்தில் டிரேக்கின் அண்ணன் சாம். இண்டியைப் பார்த்துப் பிறந்த குடும்பத்திலிருந்து ஒருவர் இண்டியாகவே வந்து நின்றார், ஃபோர்டின் இழுவையும் முணுமுணுப்பும் பிசகாமல்.

## உங்களுக்கு யார்

| | இண்டி | லாரா | டிரேக் |
|---|---|---|---|
| தொடங்க வேண்டியது | 1981 படம் | 2013 கேம் | பிளேஸ்டேஷனில் முதல் மூன்று பாகம், கணினியில் நான்காவது |
| தாவியதில் சிறந்தது | 2024 கேம் | 2018 படம் | 2022 படம் |
| தாவியபோது இழந்தது | அதிகம் இல்லை | தனிமை, பயம் | களைப்பு கலந்த சிரிப்பு |
| மறைவான செலவு | விலை கூடிய கணினி. 1984 படத்தின் உறுத்தல் | கொடூர மரணங்கள் | பிளேஸ்டேஷன் |

ஒரு மாலை மட்டும் இருக்கிறது, படம்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இண்டி. 115 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கையில் பழைய மடிக்கணினி, தனியாக உட்கார்ந்து மூளையைக் கசக்கப் பிடிக்கும் என்றால் லாரா. 2013 கேமில் தொடங்கி, பிடித்துப் போனால் பழைய மூன்றுக்கும் போங்கள். முதலில் பழையதைத் தொட்டால் பாதியில் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

வீட்டில் பிளேஸ்டேஷன் இருக்கிறது, நீங்கள் ஆடும்போது அக்காவோ தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் டிரேக். அன்சார்ட்டட் படத்தை மட்டும் கேமுக்குப் பிறகு பாருங்கள். முதலில் பார்த்தால் அந்த விமானக் காட்சியின் அதிர்ச்சி கேமில் கிடைக்காது.

புதிய கணினி வாங்கும் திட்டம் ஏற்கெனவே இருந்தால், 1981 படத்தைப் பார்த்துவிட்டு நேரே 'கிரேட் சர்க்கிள்'. இந்த ஒரு கேமுக்காகவே கணினி வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். விலை குறையும் வரை 'ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ்' காத்திருக்கிறது, அது எந்தக் கணினியிலும் ஓடும்.